‘வாக்கை மீறினால் என் மகனுக்கு ஏதாவது ஆகிவிடுமா?’

நான்கு பக்கங்களை நெருக்கி நெருக்கி எழுதி நிரப்பியிருக்கிறார் இந்த வாசகி. பெயர், ஊர், மதம் மூன்றையும் அவரே தவிர்த்திருக்கிறார். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய வேறு சில விவரங்களை நான் நீக்கிவிட்டேன். கடிதத்தின் சாரம் இது.

அவருக்கு வயது 43. ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கணவர், 16 வயது மகள், 12 வயது மகன். நான்கு ஆண்டுகளுக்கு முன் மகனுக்கு பாக்டீரியாவால் மூளைக்காய்ச்சல் வந்து 11 நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். ஐந்தாம் நாள் இரவு, “எதையும் உறுதியாகச் சொல்வதற்கில்லை” என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போன பிறகு, இவர் வராந்தாவில் தரையிலேயே உட்கார்ந்து வேண்டிக்கொண்டார்: “இவனைத் திருப்பிக் கொடு. என் மீதி வாழ்க்கை முழுவதும் உனக்கே.” மகன் பிழைத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து இவர் அதிகாலை 3.30க்கு எழுந்து இரண்டரை மணி நேரம் பிரார்த்தனை செய்கிறார். மாலையில் அலுவலகம் முடிந்ததும் நேராக வழிபாட்டுக் குழுவுக்குப் போகிறார். வீடு திரும்ப இரவு ஒன்பது ஆகிவிடுகிறது. வார இறுதிகள் சேவைக்கு. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு காணிக்கைக்கு. மகளின் மேற்படிப்புக்காகக் கணவனும் மனைவியும் சேர்ந்து சேமித்த பணத்தில் பாதியைச் சென்ற ஆண்டு கணவரிடம் சொல்லாமல் குழுவுக்குக் கொடுத்துவிட்டார். இப்போது, வேலையை விட்டுவிட்டுச் சேவை இல்லத்துக்கே வந்து தங்கும்படி வழிகாட்டி சொல்கிறார். “பற்றை அறுக்காமல் வாக்கு நிறைவேறாது” என்பது அவர் வாதம். கணவரோ, “நான் கடவுளுக்கு எதிரி இல்லை, எனக்கு என் மனைவி வேண்டும்” என்கிறார். ஒரு முறை கோபத்தில், பிள்ளைகள் காதுபடவே, “உனக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது” என்றும் சொல்லியிருக்கிறார்.

மகனைப் பற்றி இப்படி எழுதுகிறார்: “கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. வகுப்பில் கவனிப்பதில்லை என்று ஆசிரியர் சொல்கிறார். என் வாக்கில் நான் குறை வைத்ததற்கு இது எச்சரிக்கையோ என்று பயமாக இருக்கிறது.” மருத்துவமனையில் வரச்சொன்ன தொடர் பரிசோதனைகளுக்கு அவனை அழைத்துப்போகவில்லை: “முழுமையாக நம்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் பரிசோதனைக்குப் போனால் அது அவநம்பிக்கை ஆகிவிடுமே.” மகளைப் பற்றி ஒரே ஒரு வரி: “அவள் சமாளித்துக்கொள்வாள்.”

பெற்றோரின் சண்டையில் அந்த வேண்டுதலைப் பற்றித் தெரிந்துகொண்ட மகன், சென்ற மாதம் ஓர் இரவு கேட்டிருக்கிறான்: “நான் பிழைத்ததால்தான் நீ போகிறாயா அம்மா? அன்றைக்கு நான் செத்துப்போயிருந்தால் வீட்டிலேயே இருந்திருப்பாயா?”

வாசகியின் கேள்விகள் மூன்று. வாக்கை மீறினால் கடவுள் மகனை எடுத்துக்கொள்வாரா? பெரிய பக்தர்கள் எல்லாரும் வீட்டைத் துறந்தவர்கள்தானே, குடும்பம்தான் முக்கியம் என்று இருந்துவிடுவது சுயநலம் ஆகாதா? என் பக்தியைத் தடுக்கக் கணவருக்கு உரிமை உண்டா?

அன்புச் சகோதரி,

மூன்று கேள்விகளுக்கும் வருகிறேன். அதற்கு முன், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது காத்திருக்கக் கூடாதது.

முதலில் மகனின் காதைச் சோதியுங்கள்

பாக்டீரியாவால் வரும் மூளைக்காய்ச்சலில் இருந்து மீண்டவர்களிடம் எஞ்சிவிடும் பாதிப்புகளில் அடிக்கடி காணப்படுவது காது கேளாமை. மூளையைச் சூழ்ந்திருக்கும் உறையின் அழற்சி உள்காதுவரை பரவி, ஒலியை உணரும் நுண்ணிய செல்களைச் சிதைத்துவிடக்கூடும். அதனால்தான் இந்த நோயிலிருந்து தேறிய குழந்தைகளுக்கு, வீட்டுக்கு அனுப்பும் முன்போ அடுத்த சில வாரங்களிலோ செவித்திறனைச் சோதிக்கச் சொல்கிறார்கள். ஒரு காதில் மட்டும் கேட்கும் திறன் குறைந்திருந்தால் அமைதியான வீட்டில் அது எளிதில் தெரியாது. இரைச்சலான வகுப்பறையில் அந்தப் பிள்ளை ‘கவனிக்காத பிள்ளை’ என்று பெயர் வாங்கிவிடும். கவனத்திலும் நினைவாற்றலிலும் சிரமங்கள் வருவதும் உண்டு. அவற்றுக்கும் பயிற்சிகள் இருக்கின்றன.

உங்கள் மகனுக்கு இவற்றில் ஒன்று இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. நான் மனநல ஆலோசகர். ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு அப்படிச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் கூப்பிட்டால் திரும்பாத, இந்த நோய் வந்துபோன ஒரு சிறுவனை இந்த வாரமே காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடமும் முன்பு பார்த்த குழந்தைகள் நல மருத்துவரிடமும் அழைத்துப்போக வேண்டும் என்று சொல்லும் தகுதி எனக்கு உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். நோய் திரும்ப வரும் வாய்ப்பு எவ்வளவு என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். நான்கு ஆண்டுகளாக அந்தக் கேள்வியை நீங்கள் கடவுளிடம் மட்டுமே கேட்டுவந்திருக்கிறீர்கள்.

அவநம்பிக்கை ஆகிவிடுமோ என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்தாம் நாள் இரவை நினைத்துப்பாருங்கள். நீங்கள் வெளியே வேண்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில் உள்ளே அவன் நரம்பில் ஆன்டிபயாடிக் ஏறிக்கொண்டிருந்தது. மருந்தை நிறுத்துங்கள், நான் நம்புகிறேன் என்று நீங்கள் எழுந்து போய்ச் சொல்லவில்லை. அன்று வேண்டுதலும் மருந்தும் ஒரே வாசலில் நின்றன. அன்று உங்களுக்கு எது உறுத்தவில்லையோ அது இன்றும் உறுத்த வேண்டியதில்லை.

அந்த வேண்டுதல்

வாக்கை மீறினால் கடவுள் மகனை எடுத்துக்கொள்வாரா என்ற கேள்வியைத்தான் உங்கள் கடிதத்தின் வேர் என்று நினைக்கிறேன். மற்ற இரண்டும் இதிலிருந்து முளைத்தவை.

மதத்தைச் சொல்லாமல் விட்டீர்கள். அது ஒருவிதத்தில் நல்லதாயிற்று. ஆபத்தில் இருக்கும் மனிதர்கள் அளவுக்கு மீறி நேர்ந்துகொள்வது ஆதிகாலம் முதல் இருப்பதுதான். அதைச் சமயங்கள் நன்றாகவே அறிந்திருக்கின்றன. அப்படி நேர்ந்தவர்களைக் கைவிட்டுவிடவும் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, நேர்ச்சை என்பது சிந்தித்து, சுதந்திரமாக, இயலக்கூடிய ஒரு மேலான நன்மையைக் குறித்துக் கடவுளுக்குத் தரும் வாக்குறுதி என்கிறது (விதி 1191). தனிப்பட்ட முறையில் நேர்ந்துகொண்டவர், அதைச் சமமான அல்லது மேலான வேறொரு நற்செயலாக மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது (விதி 1197). இஸ்லாத்தில், மனிதன் தனக்கு உடைமையில்லாத ஒன்றை நேர்ந்துகொள்ள முடியாது என்பது நபிமொழி. முறிந்துபோன சத்தியத்துக்குப் பத்து ஏழைகளுக்கு உணவளிப்பது போன்ற பரிகாரங்களைக் குர்ஆன் (5:89) சொல்கிறது. யூத மரபில், செய்த நேர்ச்சைக்காக வருந்துகிறவர் மூவர் முன்னிலையில் அதிலிருந்து விடுதலை கேட்கலாம். வாக்குக்கு மதிப்பில்லை என்று இவற்றில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்தவர் நிலைகுலைந்து நின்ற மனிதர் என்பதையும் அவை மறக்கவில்லை.

இவற்றுள் என் மனதில் நிற்பது ‘உடைமையில்லாத ஒன்று’ என்ற சொல்தான். “மீதி வாழ்க்கை முழுவதும் உனக்கே” என்று நீங்கள் சொன்னபோது, அந்த வாழ்க்கையில் பெரும்பகுதி ஏற்கெனவே வேறு சிலருக்கு வாக்களிக்கப்பட்டிருந்தது. திருமணத்தன்று கணவருக்கு ஒரு பங்கைக் கொடுத்திருந்தீர்கள். மகள் பிறந்த அன்று ஒரு பங்கு போனது. எட்டு வயதுவரை வளர்த்து, படுக்கையில் கிடந்த மகனுக்கும் ஒரு பங்கு இருந்தது. உங்களுடையதை முழுமனதாகக் கொடுங்கள், யாரும் கை நீட்டித் தடுக்க முடியாது. அவர்களுடையதைக் கொடுக்க அவர்களைக் கேட்டிருக்க வேண்டும். மாற்கு நற்செய்தி ஏழாம் அதிகாரத்தில் இயேசு கடிந்துகொள்வது இதைத்தான்: பெற்றோருக்கு உதவ வேண்டியதை ‘கொர்பான்’, அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லிவிட்டு அவர்களைக் கைவிடுகிறவர்களை. அவர்கள் பக்தி குறைந்தவர்களாக இருக்கவில்லை. காணிக்கையாக வைத்த பொருள்தான் அடுத்தவருடையதாக இருந்தது.

எனவே உங்கள் வாக்கை முறிக்கும்படி நான் சொல்லப்போவதில்லை. உங்கள் சமயத்தில் சட்டமும் சாத்திரமும் கற்ற, உங்கள் குழுவோடு தொடர்பில்லாத ஒரு பெரியவரிடம் போங்கள். நடந்ததை மறைக்காமல் சொல்லி, இந்த வாக்கை எப்படி நிறைவேற்றலாம் அல்லது மாற்றலாம் என்று கேளுங்கள். நேர்ந்தது நீங்கள்; முறையாக மாற்றிக்கேட்கும் உரிமையும் உங்களுக்குத்தான் உண்டு.

இப்போது என் துறையிலிருந்து ஒரு கேள்வி. காலைப் பிரார்த்தனையை ஒரு நாள் தவறவிட்டால் உங்களுக்குள் எழுவது ஏக்கமா, நடுக்கமா? அன்புக்குரிய ஒருவரைப் பார்க்காமல் போனதே என்ற தவிப்பு ஏக்கம். இன்று இரவு மகனுக்குக் காய்ச்சல் வரும் என்ற திகில் நடுக்கம். ஏக்கம் உங்களைப் பிரார்த்தனையிடம் அழைத்துப்போகும். நடுக்கம் விரட்டிக்கொண்டு போகும். தினமும் இரவில் மூன்று நான்கு முறை எழுந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதாகவும், ஜபத்தில் ஒரு சொல் தடுமாறினால் முதலிலிருந்து தொடங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். படிக்கும்போது எனக்கு அந்த நடுக்கம்தான் கேட்டது.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்துக் கிடந்த பெற்றோருக்கு அந்த அதிர்ச்சி பல ஆண்டுகள் உடம்பிலேயே தங்கிவிடுவது உண்டு. சிலருக்கு அது எண்ணச் சுழற்சி நோயாக, ஓ.சி.டி. என்று மருத்துவர்கள் சொல்கிறார்களே, அந்த வடிவமும் எடுக்கும். சமயப் பற்றுள்ளவர்களிடம் அது பிரார்த்தனை, பாவம், வாக்கு இவற்றைப் பற்றிக்கொண்டு வரும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் 1522இல் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது, அறிக்கையிட்ட பாவத்தையே மறுபடி மறுபடி அறிக்கையிட்டும் மனம் ஆறாமல், உயிரை விட்டுவிடலாமா என்னும் அளவுக்கு வதைபட்டார். பின்னாளில் பிறருக்கு ஆன்ம வழிகாட்டியானபோது, இந்த வகைத் தவிப்பை எப்படி இனம் காண்பது என்று தனியாகவே எழுதிவைத்தார். இன்று இதற்குப் பேச்சு சிகிச்சை இருக்கிறது, தேவைப்பட்டால் மருந்தும் இருக்கிறது. சிகிச்சை எடுத்துக்கொண்டவர்கள் பக்தியை இழந்துவிடுவதில்லை. பயம் விலகிய பிறகுதான் நிம்மதியாகக் கும்பிட முடிந்தது என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. ஒரு மனநல மருத்துவரையோ மருத்துவ உளவியலாளரையோ பார்த்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். தாய் ஒரு நாள் அயர்ந்து தூங்கியதற்காகப் பிள்ளையின் உயிரை எடுக்கிற ஒருவரைப் பற்றி வேறு யாராவது உங்களிடம் சொன்னால், நீங்கள் வணங்கும் கடவுள் அவர் என்று ஒப்புக்கொள்வீர்களா? உங்களுக்குக் கோபம் வரும். வர வேண்டும்.

துறந்தவர்கள் மட்டும்தான் பக்தர்களா?

பல சமயங்களில் வீட்டைத் துறந்தவர்கள் இருக்கிறார்கள், அது உண்மை. தகப்பனையும் தாயையும் மனைவியையும் பிள்ளைகளையும் வெறுக்காதவன் எனக்குச் சீடனாக இருக்க முடியாது என்ற கடுமையான வாசகம் லூக்கா நற்செய்தியில் (14:26) இருக்கிறது. அதை நான் மறைக்க மாட்டேன். உண்மையான அழைப்பு என்று ஒன்று உண்டு என்பதையும் மறுக்க மாட்டேன்.

ஆனால் கதைகளைப் பாதியில் நிறுத்தாமல் கேட்க வேண்டும். புத்தர் வீட்டைவிட்டுப் போனது எல்லாருக்கும் தெரியும். பிறகு அவர் தம் மகன் ராகுலனுக்கும் துறவு கொடுத்தபோது, தந்தை சுத்தோதனர் மனம் நொந்து முறையிட்டார். அதன் பின், பெற்றோரின் சம்மதம் இல்லாமல் பிள்ளைகளுக்குத் துறவு தரக்கூடாது என்று சங்கத்துக்கு விதி செய்தவரும் புத்தர்தான். ஆதிசங்கரர் துறவியான பிறகும், தாயின் கடைசி நேரத்தில் திரும்பி வந்து, துறவிக்கு ஆகாது என்று மற்றவர்கள் தடுத்தும் ஈமக்கடன் செய்தார் என்று மரபு சொல்கிறது. பண்டரிபுரத்துக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். பெற்றோருக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த புண்டலீகனைத் தேடிக் கடவுளான விட்டலரே வாசலுக்கு வருகிறார். அவன் எழுந்து ஓடி வரவில்லை. ஒரு செங்கல்லை எறிந்து, இதன் மேல் நின்று காத்திரும் என்கிறான். விட்டலர் கோபித்துக்கொள்ளவில்லை, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு இன்றும் அந்தச் செங்கல்லின் மேல்தான் நிற்கிறார்.

உங்கள் வீட்டுக்கு மிக நெருக்கமாக எனக்குப் படுவது வேறொரு நிகழ்ச்சி. புகாரி நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. ஸல்மான் என்ற நபித்தோழர் தம் நண்பர் அபூதர்தாவின் வீட்டுக்குப் போகிறார். வீட்டுக்காரியம்மா உம்மு தர்தா தம்மைக் கவனித்துக்கொள்ளாமல், கலைந்த தோற்றத்தில் இருக்கிறார். என்ன இது என்று கேட்டதற்கு, உங்கள் சகோதரருக்கு இந்த உலகத்தில் எதுவும் தேவைப்படவில்லை என்று பதில் வருகிறது. கணவர் பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை. ஸல்மான் அன்று அவரைச் சாப்பிட வைக்கிறார். இரவில் தொழ எழுந்தவரைத் தூங்குங்கள் என்று படுக்க வைக்கிறார். இரவின் கடைசிப் பகுதியில் எழுப்பி, இருவருமாகத் தொழுகிறார்கள். பிறகு சொல்கிறார்: உம் இறைவனுக்கு உம்மீது உரிமை உண்டு, உமக்கும் உம்மீது உரிமை உண்டு, உம் குடும்பத்தாருக்கும் உம்மீது உரிமை உண்டு, உரியவர் ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடுத்துவிடும். விஷயம் நபிகளிடம் போனபோது, ஸல்மான் சொன்னது உண்மை என்றார்.

தொழுகை நின்றுபோகவில்லை என்பதைக் கவனியுங்கள். ஸல்மானும் கூடவே நின்று தொழுதார். உங்கள் கணவரும் “எனக்கு என் மனைவி வேண்டும்” என்றுதான் சொன்னார். உம்மு தர்தாவின் குரல்தான் அது.

வழிகாட்டியும் பணமும்

உங்கள் வழிகாட்டியை எனக்குத் தெரியாது. அவரைக் குற்றவாளி ஆக்க மாட்டேன். ஆனால் கணவனுக்குத் தெரியாமல் வந்த பெருந்தொகையை வாங்கிக்கொண்டதும், 12 வயதுப் பிள்ளையின் தாயை வீட்டைவிட்டு வரச் சொல்வதும் எனக்குக் கவலை தருகின்றன. அவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். என் கணவர் வந்து வரவு செலவைப் பார்க்கலாமா? மகன் சிகிச்சைக்காக மூன்று மாதம் வராமல் இருந்தால் என்ன சொல்வீர்கள்? இந்த முடிவைப் பற்றி வேறொரு பெரியவரிடம் ஆலோசனை கேட்கலாமா? உண்மையான வழிகாட்டி மூன்றுக்கும் தயங்காமல் சரி என்பார். எரிச்சல் வந்தாலோ, உங்கள் நம்பிக்கை குறைந்துவிட்டது என்று பழி வந்தாலோ, உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

வேலையை இப்போது ராஜினாமா செய்ய வேண்டாம். சேவை இல்லத்துக்குக் குடிபோகவும் வேண்டாம். சொத்து, சேமிப்பு, உயில் தொடர்பான எந்தத் தாளிலும் குழுவின் பெயரில் கையெழுத்துப் போட வேண்டாம். குறைந்தது ஓர் ஆண்டுக்கு. அழைப்பு உண்மையானதாக இருந்தால் ஓர் ஆண்டு கழித்தும் அது இருக்கும். வீட்டைவிட்டு ஒரு தாய் தானாகவே போய்விட்டால், பிள்ளைகள் யாரிடம் வளர்வது என்ற கேள்வி பின்னாளில் நீதிமன்றத்துக்கு வரும்போது அவருடைய நிலை பலவீனமாகலாம். குழந்தையின் நலனை முதன்மையாகக் கருத வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை. அங்கே தாயின் வாக்குறுதிக்கு எடை இராது.

பணத்தைப் பற்றி இன்னும் கணவரிடம் சொல்லவில்லை அல்லவா? சொல்லிவிடுங்கள். வங்கிக் கணக்கு அவருக்குச் சொல்வதற்கு முன் உங்கள் வாயிலிருந்து வர வேண்டும். காரணங்களை அடுக்காமல், எவ்வளவு, எப்போது, யாரிடம் என்று சொல்லி, மன்னிப்புக் கேளுங்கள். பிறகு இருவரும் சேர்ந்து குழுவிடம் அந்தத் தொகையைத் திருப்பிக் கேட்கலாம். கிடைக்காவிட்டால், கூட்டுச் சேமிப்பிலிருந்து ஒருவர் மட்டும் கொடுத்த கொடையைப் பற்றி உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள். தாமதம் ஆக ஆக வழிகள் குறையும்.

அந்தப் பணம் மகளுடையது. “அவள் சமாளித்துக்கொள்வாள்” என்று எழுதிய அந்த ஒரு வரியில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். மாலை முழுவதும் தாய் இல்லாத வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்வது யார், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் சமாதானம் பேசுவது யார் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு விடை தெரியும் என்று நினைக்கிறேன். தம்பிக்கு நோய் வந்த வருடம் அவளுக்கு 12 வயது. அன்றிலிருந்து யாரும் அவளை நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்காமல் இருந்திருக்கலாம். அவளோடு தனியாக ஒரு மாலை வெளியே போய் வாருங்கள். அறிவுரை சொல்லாதீர்கள், அவள் பேசட்டும். பேசாவிட்டாலும் பரவாயில்லை, மறுவாரமும் போங்கள்.

கணவரின் உரிமை எதுவரை?

உங்கள் நம்பிக்கையை விடச் சொல்லும் உரிமை அவருக்கு இல்லை. மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் உள்ள சுதந்திரம், 1948ஆம் ஆண்டின் அனைத்துலக மனித உரிமைப் பிரகடனத்தில் 18ஆவது பிரிவு. பிள்ளைகள் முன்னால் “பைத்தியம்” என்று சொன்னது தவறு. இந்தப் பதிலை அவரும் படிப்பார் என்றால், அவர் பிள்ளைகள் முன்னாலேயே வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். குடும்பம்தான் சமுதாயத்தின் அடிப்படை அலகு என்பதும் அதே பிரகடனத்தில், இரண்டு பிரிவுகள் முன்னால், 16இல் இருக்கிறது. உங்கள் நேரத்திலும் சேர்ந்து சேமித்த பணத்திலும் பிள்ளைகளை வளர்ப்பதிலும் தமக்குரிய பங்கைக் கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. அப்படிக் கேட்பதால் அவர் உங்கள் பக்திக்குத் தடைக்கல் ஆகிவிட மாட்டார்.

இன்னொன்று. அந்த 11 நாட்களும் அவரும் அதே வராந்தாவில்தான் இருந்தார். நான்கு பக்கக் கடிதத்தில் அவர் அங்கே என்ன செய்தார், எதற்கு அஞ்சினார், எங்கே அழுதார் என்று ஒரு வரி இல்லை. உங்களுக்குத் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். பிள்ளை பிழைத்து வீடு திரும்பிய தம்பதிகள் பலர் அந்த நாட்களைப் பற்றிப் பிறகு பேசுவதே இல்லை. பேசினால் திரும்ப வந்துவிடும் என்று இருவருக்கும் பயம். நீங்கள் பிரார்த்தனைக்குள் போனீர்கள். அவர் எங்கே போனார்? கேளுங்கள். வேறெந்தப் பேச்சுவார்த்தைக்கும் முன்னால் இதைக் கேளுங்கள். தனியாக முடியாது என்றால் ஒரு குடும்பநல ஆலோசகர் முன்னிலையில் கேளுங்கள்.

அதற்குப் பிறகு நேரத்தைப் பங்கிடுவது அவ்வளவு கடினமாக இருக்காது. காலைப் பிரார்த்தனை உங்களுடையது. அதில் யாரும் குறுக்கிட வேண்டாம், ஆனால் தூக்கத்தை விழுங்காத அளவுக்கு, ஒரு மணி நேரமாக வைத்துக்கொள்ளலாம். குழுவுக்கு வாரத்தில் ஒரு மாலை. மற்ற மாலைகளும் ஒரு வார இறுதி நாளும் வீட்டுக்கு. காணிக்கைக்கு இருவரும் சேர்ந்து ஒரு வரம்பு வகுத்து, அதற்குள் நீங்கள் யாரையும் கேட்காமல் கொடுக்கலாம். இவை என் கணக்குகள். உங்கள் இருவருக்கும் ஒத்துவருகிற கணக்கை நீங்களே போடுங்கள்.

மகனின் கேள்விக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று கடிதத்தில் இல்லை. அழுதுவிட்டு வெளியே போய்விட்டதாக மட்டும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு மாதமாக அந்தக் கேள்வி அவனிடமே கிடக்கிறது. அவன் வயதுப் பிள்ளைகள் வீட்டில் உடைந்த எதையும் தன்னால்தான் உடைந்தது என்று எடுத்துக்கொள்வார்கள். இவனுக்கு அப்படி நினைக்கக் காரணமும் கிடைத்துவிட்டது. இன்று இரவே சொல்லுங்கள். காது சரியாகக் கேட்காமல் இருக்கக்கூடும் என்பதால், முகத்துக்கு நேராக உட்கார்ந்து, மெதுவாகச் சொல்லுங்கள்:

“நீ பிழைத்தது எனக்குக் கிடைத்த பரிசு. அதற்கு நீ யாருக்கும் எந்தக் கடனும் பட்டிருக்கவில்லை. நான் பயத்தில் ஒரு வாக்குக் கொடுத்தேன். அது எனக்கும் கடவுளுக்கும் நடுவில் இருக்கிற விஷயம், நான் பார்த்துக்கொள்கிறேன். நான் எங்கும் போகவில்லை. நாளைக்கு நாம் டாக்டரிடம் போகிறோம், அப்பாவும் வருகிறார்.”